லாரி வீல் நட்டு: மரை சேர்ந்தால் மட்டும் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. பத்து வீல் டிப்பரைப் பழையதாக வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பின்பக்கம் இடது கைப் பக்க வீலில் நட்டு அடிக்கடி தளர்கிறது. இரண்டு போல்ட் ஒடிந்தும் போயின. உதிரிபாகக் கடையில் மூன்று விதமான நட்டுகளை எடுத்துப் போட்டு, மூன்றுமே இந்த போல்ட்டில் ஏறும் என்கிறார்கள். எந்தக் கம்பெனி நட்டு வாங்கலாம்? கேட்டது கம்பெனிப் பெயரைத்தான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. போல்ட்டில் ஏறுகிற மூன்றும் ஒன்றுதானா என்பது ஒன்று. நட்டை மாற்றினால் தளர்வது நின்றுவிடுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்லலாம்: மூன்றும் ஒன்றல்ல, உங்கள் டிஸ்க்குக்கு, அதாவது டயர் மாட்டியிருக்கும் இரும்பு வீலுக்கு, அவற்றில் ஒன்றுதான் சரி. இரண்டாவதற்கு வண்டியைப் பார்க்காமல் பாதிப் பதில்தான் சொல்ல முடியும். மீதியை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் வீல் நட்டு என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம், அது புரிந்தால் பாதி குழப்பம் தீரும். லோடு முழுவதும் போல்ட்டுகளின் மேல் தொங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நட்டை முறுக்கும்போது போல்ட் ரப்பரைப் போலக் கொஞ்சம் நீள்கிறது. நீண்ட போல்ட் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் உள் டிஸ்க், வெளி டிஸ்க், பிரேக் டிரம் மூன்றையும், ஆக்சில் நுனியில் சுழலும் ஹப்போடு சேர்த்து நெரிக்கிறது. நெரிபட்ட முகங்களுக்கு நடுவில் உள்ள உராய்வுதான் வண்டியைச் சுமக்கிறது, பிரேக் இழுப்பையும் தாங்குகிறது. எம்22 x 1.5 மரை (22 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது பிட்ச்) உள்ள 10.9 தரப் போல்ட்டை 600 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு, அதாவது முறுக்கு விசைக்கு, முறுக்கினால் ஒரு போல்ட்டில் சுமார் 14 முதல் 18 டன் இழுவிசை ஏறும். பத்துப் போல்ட்டுக்குக் குறைந்தது 140 டன். இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் அதில் ஏழில் ஒரு பங்குதான் பிடியாகக் கிடைக்கும் என்று வைத்தாலும் 20 டன் வருகிறது. 2018-இல் உயர்த்தப்பட்ட வரம்புப்படி டேண்டம் ஆக்சிலுக்கு (பின்னால் அடுத்தடுத்து உள்ள இரண்டு ஆக்சில்) 21 டன் அனுமதி, அதாவது ஒரு ஜோடி டயருக்கு ஐந்தேகால் டன். பள்ளத்தில் விழுந்து எடை இரண்டு மடங்கு உறைத்தாலும் டிஸ்க் நகராது. நெரிப்பு சரியாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு. அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் டிஸ்க் ஹப்பின் மேல் துளித்துளியாக நகர ஆரம்பிக்கும், போல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வளைந்து நிமிரும். சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே அது ஒடியக்கூடும்.

இதில் மனதில் பதிய வேண்டிய எண் ஒன்று உண்டு. 15 டன் இழுவையில், பிடிபடும் நீளம் 50 மில்லிமீட்டர் உள்ள போல்ட் நீள்வது சுமார் 0.1 மில்லிமீட்டர். தலைமுடித் தடிமன். 1.5 பிட்ச் மரையில் அது ஏறக்குறைய 24 டிகிரி திருப்பத்துக்குச் சமம், கடிகார முகத்தில் நான்கு நிமிட தூரம். டிஸ்க்கும் நட்டும்கூடக் கொஞ்சம் அமுங்கி மீளும் என்பதால் உண்மையில் இதைவிடச் சற்று அதிகம் இருக்கும். ஆனாலும் அளவு இந்த வட்டத்துக்குள்தான். ஆகவே இடையில் இருக்கும் எதுவாக இருந்தாலும், பெயின்டோ துருவோ மண்ணோ தவறான வாஷரோ, 0.1 மில்லிமீட்டர் நசுங்கிப் போனால் நெரிப்பு மொத்தமும் போய்விடும். நட்டு திரும்பவே வேண்டாம். இருந்த இடத்தில் இருந்தபடியே அது தளர்ந்த நட்டு ஆகிவிடும்.

இப்போது கடையில் காட்டிய மூன்றுக்கு வருவோம். மூன்றையும் மேசையில் கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒன்றின் அடி தட்டையாக, அகலமாக இருக்கும். அதோடு பிரியாமல் ஒரு வாஷர் ஒட்டிக்கொண்டு தனியாகச் சுற்றும். இன்னொன்றின் அடி பாதி எலுமிச்சம்பழம் போல உருண்டு வரும். மூன்றாவது புனலின் மூக்கு போலக் கூம்பாக இருக்கும். மூன்றிலும் மரை ஒன்றாகவே இருக்கலாம், அதனால்தான் கடைக்காரர் எல்லாம் ஏறும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வீல் நட்டைத் தேர்ந்தெடுப்பதில் மரை இரண்டாவது கேள்வி. அது எதன் மேல் உட்காருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

தட்டை நட்டு, ஹப்பே வீலை மையத்தில் நிறுத்தும் வண்டிகளுக்கு உரியது. அங்கே ஹப்பின் நடுவில் உயர்ந்த கழுத்து ஒன்று இருக்கும். அது டிஸ்க்கின் நடுத்துளையை நிரப்பிக்கொள்ளும். இப்போது ஓடும் பெரிய வண்டிகளில் அதிகம் காணும் அளவு பத்துத் துளை, 335 மில்லிமீட்டர் வட்டம், 281 மில்லிமீட்டர் நடுத்துளை. போல்ட் துளை நேராகத் துளைக்கப்பட்டு 26 மில்லிமீட்டர் அளவில், சுற்றிலும் தட்டையாக இருக்கும். உருண்டை நட்டும் கூம்பு நட்டும், நட்டே வீலை மையத்தில் நிறுத்தும் பழைய முறைக்கு உரியவை. அங்கே டிஸ்க்கின் துளை 32 மில்லிமீட்டர் போலப் பெரிதாக, வாய் கிண்ணம் போலவோ புனல் போலவோ சரிவாக வெட்டப்பட்டிருக்கும். சில வண்டிகளில் நட்டு தனி, கிண்ணத்தில் உட்காரும் உருண்டை ஸ்பிரிங் வளையம் தனி. அப்படி இருந்தால் இரண்டும் ஒரு ஜோடி. வளையத்தைத் தொலைத்துவிட்டு நட்டை மட்டும் போடக்கூடாது.

உங்கள் வண்டி எந்த வகை என்று கண்டுபிடிக்க வெளி வீலைக் கழற்றினால் போதும். டிஸ்க்கை வெயிலில் சாய்த்து வைத்து, ஒரு போல்ட் துளையைத் துணியால் துடைத்து விரலை விட்டுத் தடவுங்கள். விளிம்பு செங்குத்தாக இறங்கினால் தட்டை நட்டு. விரல் வழுக்கி உள்ளே இறங்கினால் உருண்டையா கூம்பா என்று பார்க்க வேண்டும். துளையின் வாயில் ஒரு நட்டை வைத்து ஆட்டிப் பாருங்கள். சரியானது ஆடாமல் முழு வட்டமும் ஒட்டி உட்காரும். பிறகு டிஸ்க்கை ஹப்பில் மாட்டி, நடுத்துளைக்கும் ஹப்புக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஹப் மையம் நிறுத்துகிறது. சுண்டுவிரல் போகும் அளவுக்கு இடைவெளி இருந்தால் நட்டுதான் மையம் நிறுத்தியாக வேண்டும். இந்த இரண்டு சோதனையும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் யாரோ வேறு வண்டியின் டிஸ்க்கை மாட்டியிருக்கிறார்கள். பழைய வண்டியில் இது மிகச் சாதாரணம். ஆறு டிஸ்க் ஒரு வகை, நாலு டிஸ்க் இன்னொரு வகை என்றுகூட இருக்கும். பத்து டிஸ்க்கையும் ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டெப்னி மட்டும் வேறு வகையாக இருந்தால் அது தெரியவருவது நள்ளிரவில், பஞ்சரான இடத்தில்தான்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? தட்டைத் துளையில் கூம்பு நட்டைப் போட்டால் அது துளையின் விளிம்பில் ஒரு கோடாக மட்டும் தொடும். முறுக்கும்போது நன்றாக இறுகியது போலவே இருக்கும். ஓடும்போது அந்த மெல்லிய விளிம்பு நசுங்கி நட்டு உள்ளே புதையும், அந்த 0.1 மில்லிமீட்டர் முதல் நாளே போய்விடும். கிண்ணத் துளையில் தட்டை நட்டைப் போட்டால் வாஷர் கிண்ணத்தின் வாய்மேல் பாலம் போட்டது போல நிற்கும், வீலை மையத்தில் நிறுத்த எதுவுமே இருக்காது. வீல் ஒரு பக்கம் இறங்கி மாட்டிக்கொள்ளும், ஸ்டீயரிங் ஆடும், போல்ட் துளையின் சுவரில் இடிக்கும். உருண்டைக்கும் கூம்புக்கும் இடையில் மாற்றுவதும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். வீல் நட்டுக்குக் கீழே தனி ஸ்பிரிங் வாஷர் போடுவது, நைலான் பூட்டு நட்டு போடுவது, நட்டைப் போல்ட்டோடு டேக் வெல்டு அடிப்பது எல்லாம் உதவாது. ஸ்பிரிங் வாஷர் ஓரிரு டன்னிலேயே படுத்துவிடும். 15 டன் நெரிப்பில் அதற்கு வேலை இல்லை, நசுங்கும் முகம் ஒன்று கூடுவதுதான் மிச்சம். வெல்டிங் சூடு போல்ட்டின் பதத்தையே கெடுத்துவிடும்.

உட்காரும் முகம் தெரிந்த பிறகு மரைக்கு வரலாம். இன்றைய கனரக வண்டிகளில் பெரும்பாலும் எம்22 x 1.5. ஆனால் பழைய வண்டி என்பதால் அளந்தே முடிவு செய்யுங்கள். பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகளில் முக்காலே அரைக்கால் இஞ்ச், அதாவது 7/8 இஞ்ச் போல்ட் இருக்கும். அதன் விட்டம் 22.2 மில்லிமீட்டர். தேய்ந்த போல்ட்டில் வெர்னியரை வைத்து 22-ஐயும் 22.2-ஐயும் பிரித்தறிய முடியாது. பிட்ச்தான் காட்டிக்கொடுக்கும். பத்து மரை எண்ணி அந்த தூரத்தை ஸ்கேலில் அளக்க வேண்டும்: 15 மில்லிமீட்டர் வந்தால் 1.5 பிட்ச், 18-க்குச் சற்று மேல் வந்தால் இஞ்சுக்கு 14 மரை, 23 வந்தால் இஞ்சுக்கு 11 மரை. நட்டைக் கையால் மட்டும் சுற்றி ஏற்ற வேண்டும். இரண்டு மூன்று மரையில் இறுகினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏர் கன் வைத்து ஏற்றினால் தவறான நட்டும் ஏறத்தான் செய்யும், இரண்டு மரையையும் தின்றுகொண்டு. இன்னொன்று, பழைய முறை வண்டிகள் சிலவற்றில் இடது பக்க வீல்களுக்கு இடது மரை இருக்கும். போல்ட் நுனியில் எல், ஆர் என்ற ஆங்கில எழுத்துகள் அடித்திருப்பார்கள். ஹப் மையம் நிறுத்தும் வண்டிகளில் இரண்டு பக்கமும் வலது மரைதான்.

தரம் பார்ப்பது எளிது. போல்ட்டின் தலையில் 10.9 என்றும் நட்டில் 10 என்றும் அச்சு இருக்க வேண்டும், பக்கத்தில் தயாரித்தவர் குறியும் இருக்க வேண்டும். நம் நாட்டுத் தரநிலையில் ஐ.எஸ். 1367 இதைத்தான் சொல்கிறது. 10.9-இல் முதல் எண், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் தாங்கித்தான் அறும் என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது எண், அதில் 90 சதவீதம்வரை நிரந்தரமாக நீண்டுவிடாது என்பதைக் குறிக்கிறது. 10.9 போல்ட்டில் 8 தர நட்டைப் போட்டால் நட்டின் மரை உள்ளே மடிந்துகொடுக்கும். வெளியிலிருந்து தெரியாது. டார்க் ரெஞ்ச் (வைத்த டார்க் வந்ததும் கிளிக் என்று காட்டும் சாவி) கிளிக் ஆகாமல் நட்டு வழுவழுவென்று சுற்றிக்கொண்டே போனால் அதுதான் அறிகுறி. எண்ணே அச்சடிக்காத நட்டு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். லேத்தில் கம்பியிலிருந்து கடைந்து கொடுக்கும் நட்டும் வேண்டாம், அதற்கு மரை சரியாக இருக்கும், பதம் இருக்காது. அழகுக்கு மாட்டும் குரோம் மூடிகளால் நேரடிக் கெடுதல் இல்லை. ஆனால் நட்டுதான் முதலில் தன் கதையைச் சொல்லும் இடம், அதை மூடி மறைப்பானேன்?

நீளமும் சாவி (ஸ்பேனர்) அளவும் சுருக்கமாக. நட்டு முழுதாக ஏறிய பிறகு போல்ட்டின் நுனி இரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும். உள்ளே மரை பிடிக்கும் நீளம் போல்ட்டின் விட்டத்துக்குக் குறையக்கூடாது, எம்22 என்றால் 22 மில்லிமீட்டர். இரும்பு டிஸ்க்கை எடுத்துவிட்டு அலாய் வீல் மாட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அலாய் வீல் தடிமன் இரும்பைப் போல இரண்டு மடங்கு வரை போகும், பழைய போல்ட் எட்டாது. நீளப் போல்ட்டோ, துளைக்குள் இறங்கும் குழல் நட்டோ வேண்டும். சாவியைப் பொறுத்தவரை ஐரோப்பிய அளவு நட்டுக்குப் பெரும்பாலும் 32 மில்லிமீட்டர், அமெரிக்க, புதிய ஜப்பானிய அளவுக்கு 33. 33 சாக்கெட்டை 32 நட்டில் போட்டு முறுக்கினால் முனைகள் மழுங்கும், அடுத்த முறை கழற்றுவது பெரும்பாடு.

இலங்கையிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே ஓடும் ஃபூசோ கேன்டர், இசுசு எல்ஃப் போன்ற ஜப்பானிய வண்டிகளின் பின்வீலில் இரட்டை நட்டு முறை உண்டு. சதுரத் தலை உள்ள உள் நட்டு உள் டிஸ்க்கைப் பிடிக்கும். அதன் மேலேயே வெளிப்புற மரை இருக்கும், அதில் 41 சாவி நட்டு ஏறி வெளி டிஸ்க்கைப் பிடிக்கும். வெளி நட்டை எவ்வளவு முறுக்கினாலும் உள் நட்டு இறுகாது. உள் நட்டைப் பார்க்க, ஒன்றுவிட்டு ஒன்றாக வெளி நட்டுகளைத் தளர்த்தி, உள் நட்டை முறுக்கி, வெளி நட்டைத் திரும்ப இறுக்க வேண்டும். பிறகு மீதிப் பாதிக்கு அதே வேலை. ஜப்பானியப் பெரிய வண்டிகள் 2010 வாக்கில் தட்டை நட்டு முறைக்கு மாறிவிட்டன. ஆகவே ஒரே கம்பெனியின் பழைய வண்டி நட்டும் புதிய வண்டி நட்டும் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள்.

இனி உங்கள் இடது பின்வீல். ஒடிந்த இரண்டு போல்ட் துண்டுகளையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி முறிவு முகத்தைப் பாருங்கள். ஒரு ஓரத்தில் தொடங்கி, மட்டிச் சிப்பியின் ஓட்டில் இருப்பது போல வளைகோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பரவி, அந்தப் பகுதி வழவழப்பாகவும் கறுத்தும் இருந்து, கடைசிச் சின்னப் பகுதி மட்டும் சொரசொரப்பாகப் புதிதாக மின்னினால், அது நாள்பட்ட முறிவு. போல்ட் தளர்வாக இருந்து, வளைந்து நிமிர்ந்து, மெல்ல விரிசல் ஓடி, கடைசியில் அறுந்திருக்கிறது. மாறாக, முறிந்த இடத்துக்குப் பக்கத்தில் போல்ட் இடுப்பு சிறுத்து, மரையின் இடைவெளி நீண்டிருந்தால் அளவுக்கு மீறி முறுக்கி இழுத்திருக்கிறார்கள். இரண்டும் நேர் எதிரான காரணங்கள்; வைத்தியமும் எதிரெதிர். இதைப் பார்க்காமல் இன்னும் பலமாக முறுக்கச் சொல்வது சரியாக இருக்காது.

நாள்பட்ட முறிவு என்றால் நான் சந்தேகிக்கும் வரிசை இது. முதலில் பெயின்ட். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) விடும்போது டிஸ்க்கைக் கழற்றி இரண்டு பக்கமும் தடித்து அடித்துவிடுவார்கள். டிரம் முகம் ஒன்று, உள் டிஸ்க்குக்கு இரண்டு, வெளி டிஸ்க்குக்கு இரண்டு, ஆக ஐந்து முகம். ஒவ்வொன்றிலும் 0.03 மில்லிமீட்டர் நசுங்கினாலே 0.15 ஆகிவிட்டது; போல்ட்டின் நீட்சியோ 0.1. அடுத்தது டிஸ்க்குகளுக்கு இடையில் சிக்கும் கிரஷர் தூசியும் எம்-சாண்ட் மண்ணும், ஹப் முகத்துத் துரு. அதற்கடுத்தது நீள்வட்டமாகிப் போன போல்ட் துளை. ஒருமுறை தளர்ந்து ஓடிய டிஸ்க்கில் துளை முட்டை வடிவமாகியிருக்கும், அதைச் சுற்றி விரல்நகம் போன்ற விரிசலும் இருக்கலாம். அந்த டிஸ்க்குக்கு எந்தப் புது நட்டும் உதவாது, வெல்டு வைத்து அடைப்பதும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். இவை மூன்றும் உறுதியான காரணங்கள், கண்ணால் பார்த்தே உறுதிப்படுத்தலாம். ஏன் இடது பக்கம் மட்டும் என்பதற்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். நம் ஊரில் இடது சக்கரங்கள்தான் ரோட்டோரப் பள்ளத்திலும் மண் இறக்கத்திலும் ஓடுகின்றன, ரோட்டுச் சரிவால் கொஞ்சம் எடையும் அந்தப் பக்கம் சாய்கிறது. வலது மரை நட்டு இடது சக்கரத்தில் கழலும் திசையில் நகரப் பார்க்கும் என்பதும் உண்மை. ஆனால் அது ஏற்கெனவே தளர்ந்த நட்டைக் கழற்றிவிடும் காரணம். நன்றாக நெரிபட்ட நட்டை அது தளர்த்தாது. உங்கள் வண்டியில் இவற்றில் எது எவ்வளவு பங்கு என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. வீல் பேரிங் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்த்துவிடுங்கள், அதுவும் இதே போல வேடம் போடும்.

ஒரு போல்ட் ஒடிந்தால் அதன் இரு பக்கத்துப் போல்ட்டுகளையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஏனென்றால் ஒடிந்ததன் பாரத்தைச் சுமந்தவை அவை. இரண்டு ஒடிந்திருந்தால் அந்த ஹப்பின் பத்தையும் மாற்ற வேண்டும். உங்களுக்கு இரண்டு ஒடிந்துவிட்டன. ஆகவே பத்துப் போல்ட், பத்து நட்டு, ஒரே தயாரிப்பு. மற்ற வீல்களின் போல்ட்டுகளைச் சோதிக்க ஒரு புது நட்டைக் கையாலேயே அடிவரை ஓட்டிப் பாருங்கள். நடுவில் இறுகினால் அந்தப் போல்ட் நீண்டுவிட்டது. தட்டை நட்டில் வாஷர் விரலால் சுற்றும்போது தடையில்லாமல் சுற்ற வேண்டும். துருவேறி ஒட்டிக்கொண்டால் அது நட்டோடு சேர்ந்து டிஸ்க்கை உராயும், நாம் போடும் டார்க்கில் பெரும்பகுதி அந்த உராய்வுக்கே போய்விடும். சரியாக இருக்கும்போதே, முறுக்கும் விசையில் போல்ட்டை இழுக்கப் போவது பத்தில் ஒரு பங்குதான், மீதி மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வில் போகிறது. அதனால்தான் உராய்வு கொஞ்சம் மாறினாலும் நெரிப்பு தலைகீழாக மாறுகிறது.

எண்ணெய் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். தட்டை நட்டு முறையில் போல்ட் மரையில் ஒரு சொட்டு, நட்டுக்கும் வாஷருக்கும் நடுவில் ஒரு சொட்டு சாதாரண இன்ஜின் ஆயில் போடச் சொல்லும் கம்பெனிகள் பல. டிஸ்க் முகத்தில் ஒரு துளியும் படக்கூடாது, அங்கே உராய்வுதான் நமக்கு வேண்டும். உருண்டை, கூம்பு நட்டுகளைக் கம்பெனி கையேடு வேறு சொன்னாலொழிய உலர்வாகவே போடுங்கள். கிரீஸும் கிராஃபைட் பசையும் எதிலும் வேண்டாம். உலர்ந்த மரையில் 14 டன் கொடுக்கும் அதே 600 நியூட்டன் மீட்டர், கிரீஸ் போட்ட மரையில் 20 டன்னைத் தாண்டி, போல்ட்டை நிரந்தரமாக நீளும் எல்லையை நோக்கித் தள்ளிவிடும்.

மாட்டும் முறை இது. ஐந்து முகங்களையும் கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியத் தேயுங்கள். பெயின்ட் அடித்தே ஆக வேண்டும் என்றால் நெரிபடும் வட்டத்தை விட்டுவிட்டு அடியுங்கள். ஹப்பின் கழுத்தில் துரு நீக்கி, அதன் மேட்டுப் பகுதி ஒன்று உச்சியில் வரும்படி ஹப்பைத் திருப்பி வையுங்கள். வீலை ஏற்றி, பத்து நட்டையும் கையால் ஓட்டுங்கள். பிறகு எதிரெதிராக, நட்சத்திரம் போடுவது போல, முதல் சுற்று சும்மா ஒட்டும்வரை, இரண்டாவது சுற்று பாதி டார்க், மூன்றாவது சுற்று டயர் தரையில் இருக்க முழு டார்க். வரிசையாக ஒரு பக்கத்திலிருந்து முறுக்கினால் டிஸ்க் சாய்ந்து உட்காரும். முழு டார்க் எவ்வளவு என்பதை உங்கள் மாடலின் கையேட்டிலிருந்தே எடுங்கள். எம்22-க்குப் பெரும்பாலான கம்பெனிகள் 550 முதல் 700 நியூட்டன் மீட்டருக்குள் சொல்கின்றன, பட்டறைக் கணக்கில் 56 முதல் 71 கிலோகிராம்-மீட்டர். ஏர் கன் நட்டை ஓட்டுவதற்கு மட்டும். ஒரு இஞ்ச் கன் 1500 நியூட்டன் மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும், கம்ப்ரஸரில் காற்று குறைந்திருந்தால் 300-கூடத் தராது. இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான். ரோட்டில் டார்க் ரெஞ்ச் இல்லாத அவசரத்தில், ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 60 கிலோ ஆள் தன் எடையை மெல்லச் சாய்த்தால் 600-க்குப் பக்கத்தில் வரும். ஏறிக் குதித்தால் இரண்டு மடங்கு. இது பட்டறைக்குப் போய்ச் சேர மட்டும்.

புதிதாக மாட்டிய வீலை 50 முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப டார்க் வைக்க வேண்டும், டிப்பருக்கு அது முதல் இரண்டு நடை. தளர்த்திவிட்டு முறுக்கக்கூடாது, ரெஞ்ச்சை அதே அளவில் வைத்துக் கிளிக் வரும்வரை இழுத்தால் போதும். கொஞ்சம் திரும்பினால் சகஜம். கால் சுற்று திரும்பினால் இடையில் ஏதோ நசுங்கிக்கொண்டிருக்கிறது, கழற்றிப் பாருங்கள். அதன் பிறகு நட்டிலிருந்து டிஸ்க்வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், கிளீனர் காலையில் டயர் தட்டிப் பார்க்கும்போதே கோடு விலகியிருப்பது தெரியும். மஞ்சள் பிளாஸ்டிக் அம்பு மாட்டுவதும் இதற்குத்தான். ஆனால் முன்னே சொன்னபடி, நட்டு திரும்பாமலேயே நெரிப்பு போகலாம். ஆகவே நட்டின் அடியிலிருந்து கதிர் போல விரியும் செம்பழுப்புத் துருக்கோடு, நட்டைச் சுற்றித் தேய்ந்து மின்னும் வளையம், புதிதாக உதிர்ந்த பெயின்ட் மூன்றையும் தேடச் சொல்லுங்கள். ஒரு வெளி டயர் டிஸ்க்கோடு ஏறக்குறைய நூறு கிலோ. அது கழன்று எதிரில் வரும் பைக்கின் மேல் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1997 முதல் லாரியின் வீல் கழன்றாலே, காரணம் எதுவாக இருந்தாலும், நடத்துபவருக்கு 2,000 முதல் 50,000 டாலர் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது.

கடைசியாக நீங்கள் கேட்ட கம்பெனி. வண்டிக் கம்பெனியின் பாக எண்ணைக் கையேட்டிலிருந்து எழுதிக்கொண்டு போய், அந்த எண்ணுக்கே போல்ட்டும் நட்டும் வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால், உட்காரும் முகம், மரை, 10 என்ற அச்சு, தயாரிப்பாளர் குறி நான்கும் சரியாக உள்ள எந்த நல்ல தயாரிப்பும் போதும். கடைக்குப் போகும்போது பழைய நட்டு ஒன்றையும், ஒடியாத பழைய போல்ட் ஒன்றையும், போல்ட் துளையைக் கிட்டத்தில் எடுத்த போட்டோவையும் கொண்டுபோங்கள். பத்தோடு நிறுத்தாமல் மூன்று போல்ட், ஐந்து நட்டு கூடுதலாக வாங்கி, ஒரு டப்பாவில் போட்டு கேபினில் வைத்து, மேலே பாக எண்ணையும் டார்க்கையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.